கடைசி நாள்களுக்காக வாதாடியவர்கள்

அளவெட்டியில் ஒருவர் பாயோடு படுத்துவிட்டால், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை படலையைத் திறந்துகொண்டு வருபவர் நாட்டு வைத்தியராகத்தான் இருப்பார். நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், குளிகை உரைத்துக் கொடுப்பார், பத்தியம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசாமல் எழுந்து விறாந்தைக்கு வருவார். மூத்த மகனையோ மருமகனையோ தனியே அழைத்து, "இனி மருந்து வேண்டாம் தம்பி, சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லிப்போடுங்கோ" என்பார். அன்றிலிருந்து அந்த வீட்டின் அலுவல்கள் மாறிவிடும். உறவுகள் வந்து கூடும். ஒருவர் தலைமாட்டில் இருந்து சிவபுராணம் படிப்பார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் பால் பருக்குவார்கள்.

அந்த வைத்தியருக்குப் பின்னால் நீண்ட கல்வி இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களின் வழிவந்த மரபு, நோயைச் சாத்தியம், அசாத்தியம் எனப் பிரித்துப் பார்க்கப் பழகியது. அசாத்தியம் என்று கண்ட பிறகும் மருந்தைத் திணித்துக்கொண்டிருப்பது வைத்தியனுக்கு அழகில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது யாழ்ப்பாணத்துக்குப் பழகிய வழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவு விறாந்தையில் எடுக்கப்பட்டது. உள்ளே பாயில் கிடந்தவரிடம் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அந்த நாளில் இல்லை.

இன்று விறாந்தையின் இடத்துக்கு வைத்தியசாலையின் நடைபாதை வந்துவிட்டது. மூத்த மகன் ரொறன்ரோவில் இருப்பார், மகள் சூரிச்சில். கைபேசி வழியே "காசைப் பற்றி யோசிக்க வேண்டாம் டொக்டர், செய்யக்கூடிய எல்லாத்தையும் செய்யுங்கோ" என்ற குரல் வரும். தூரத்திலிருக்கும் பிள்ளையின் அன்பும் குற்ற உணர்வும் சேர்ந்து, அருகில் இருப்பவர்கள் எடுத்த முடிவைத் தலைகீழாக்குவதை உலகெங்கும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். 1991இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை அதற்குக் 'கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்றே பெயர் வைத்தது. வடமாகாணத்தில் அந்த மகளை அறியாத தாதி இருக்க மாட்டார். பாயில் கிடந்தவரிடம் கேட்காத பழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

அவரிடம் கேட்டே ஆக வேண்டும், அவர் சொன்னது செல்லுபடியாக வேண்டும் என்று அமைப்புக் கட்டி வாதாடியவர்களின் வரலாறு தெற்காசியாவில் பம்பாயில் தொடங்கி டெல்லி வழியாக வருகிறது. அதன் வேரோ இங்கிலாந்தில் இருக்கிறது.

லெஸ்டர் நகரின் சுகாதார அதிகாரியாக இருந்த டொக்டர் கில்லிக் மில்லர்ட் 1935இல் உலகின் முதலாவது கருணைக்கொலை ஆதரவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே பிரபுக்கள் சபையில் ஒரு மசோதா வந்தது. 35க்கு 14 என்று தோற்றது. எதிர்த்துப் பேசியவர்களில் அரச குடும்பத்தின் வைத்தியர் டோசன் பிரபுவும் ஒருவர். இதற்குச் சட்டம் எதற்கு, வைத்தியரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம் என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி இரவு, மரணப் படுக்கையில் கிடந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு மோர்பினும் கொக்கெயினும் ஏற்றி முடிவை விரைவுபடுத்தியவர் அவரேதான் என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1986இல் அவருடைய குறிப்புகள் வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல் காலையில் டைம்ஸ் பத்திரிகையில் வர வேண்டும் என்ற கணக்கும் அந்தக் குறிப்பில் இருந்தது. மன்னரிடம் யாரும் சம்மதம் கேட்டதாக இல்லை.

வைத்தியரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. சாம்ராச்சியத்தின் மன்னருக்கே தன் கடைசி இரவைப் பற்றிப் பேச உரிமை இருக்கவில்லை. அவருடைய தலை பொறித்த சதங்களை மடியில் முடிந்துவைத்திருந்த அளவெட்டிக் கிழவிக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

அடுத்த அரை நூற்றாண்டில் இயக்கத்தின் முகம் மாறியது. சண்டே டைம்ஸ் பத்திரிகையாளர் டெரெக் ஹம்ப்ரி, புற்றுநோயால் வாடிய மனைவி ஜீனுக்கு 1975இல் தான் துணைநின்றதை 1978இல் நூலாக எழுதினார். அமெரிக்காவுக்குப் போய் 1980இல் ஹெம்லொக் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஒக்ஸ்போர்டில் கூடிய பல நாட்டுச் சங்கங்கள் ஓர் உலகக் கூட்டமைப்பை அமைத்தன. ஒரிகன் மாநிலத்தில் 1994இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற சட்டத்தின் முதன்மை மனுதாரர்களில் ஒருவர் பார்பரா கூம்ப்ஸ் லீ. தாதியாகப் பணியாற்றிப் பின்னர் சட்டமும் படித்தவர். ஹெம்லொக்கின் வாரிசும் இன்னோர் அமைப்பும் இணைந்து உருவான 'கொம்பாஷன் அண்ட் சொய்சஸ்' அமைப்பை அவர் நீண்ட காலம் தலைமையேற்று நடத்தினார். சங்கத்தின் தலைமையில் யார் அமர்கிறார்களோ அவர்களுடைய தொழிலின் சாயலை இயக்கமும் எடுத்துக்கொள்கிறது. பத்திரிகையாளர் இருந்தபோது புத்தகமும் பரபரப்பும் வந்தன. தாதியும் சட்டத்தரணியுமானவர் வந்தபோது சட்டவாசகமும் நிபந்தனைகளும் வந்தன. இந்தியாவிலும் இதே கதைதான், அங்கே இன்னும் துலக்கமாக.

மினு மசானியின் பெயர் தமிழருக்கு ராஜாஜியின் பெயரோடு சேர்ந்தே வரும். 1905இல் பம்பாயில் பிறந்த பார்சி. இளமையில் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1943இல் பம்பாய் நகர மேயர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். பிறகு சோசலிசத்தை விட்டு விலகி, 1959இல் சென்னையில் ராஜாஜி சுதந்திராக் கட்சியை அறிவித்தபோது அவருக்கு வலக்கரமாக நின்றார். நேருவின் திட்டமிட்ட பொருளாதாரத்தை நாடாளுமன்றத்தில் புள்ளிவிவரங்களோடு எதிர்த்துப் பேசிய குரல்களில் அவருடையது முக்கியமானது. நெருக்கடி நிலையின்போது அவர் நடத்திய 'பிரீடம் பெர்ஸ்ட்' இதழில் தணிக்கை அதிகாரி கைவைத்தபோது, மசானி வழக்குப் போட்டார். 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பாலான ஆசிரியர்கள் வாய்மூடிக் கிடந்த ஆண்டு அது.

அந்த மசானிதான் 1981இல், எழுபத்தைந்து வயதைத் தொட்ட பிறகு, பம்பாயில் 'கண்ணியத்துடன் இறக்கும் உரிமைக்கான சங்க'த்தைத் தொடங்கினார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தன் பணத்தை எப்படிச் செலவழிப்பது, எந்த இதழைப் படிப்பது என்று அரசு தனக்குச் சொல்லக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர், தன் உடம்பின் கடைசி நாள்களைப் பற்றியும் அதையே சொன்னார். சங்கம் லிவிங் வில் படிவங்களை அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. "எனக்கு நினைவு தப்பி, மீளும் வழியும் இல்லாமற்போனால், செயற்கைச் சுவாசக் கருவியில் என்னைப் போட வேண்டாம்" என்பதுபோன்ற விருப்பத்தை ஒருவர் தெளிவான புத்தியோடு இருக்கும்போதே எழுதிச் சாட்சிகளோடு ஒப்பமிடும் தாள் அது. சட்டத்தின் கண்ணில் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்று தெரிந்தே கொடுத்தார்கள். 1985இல் மகாராஷ்டிர சட்ட மேலவையில் சதானந்த் வர்தே இதே நோக்கத்தோடு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சங்கம் தொடங்கிய மறு ஆண்டே நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மரணம் நடந்தது. வினோபா பாவே 1982 நவம்பரில் பௌனார் ஆசிரமத்தில் உணவையும் நீரையும் மருந்தையும் மறுத்தார். பிரதமர் இந்திரா காந்தி நேரில் போய்ப் பார்த்தும் அவர் மனம் மாறவில்லை. 15ஆம் திகதி உயிர் பிரிந்தது. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனையும் அவனுக்காக வந்து சேர்ந்த பிசிராந்தையாரையும் புறநானூற்றில் படித்த தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. உண்ணாமலிருந்து உயிர்விடும் சமணரின் சல்லேகனை இன்றும் நடக்கிறது. 2015 ஓகஸ்ட் 10ஆம் திகதி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைக் குற்றமென்றது. அந்த மாத முடிவிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. முனிவருக்கும் மன்னனுக்கும் மரபு இடம் கொடுத்திருக்கிறது. மசானி கேட்டது சாதாரணக் குடும்பத்து நோயாளிக்கு, அதுவும் வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவருக்கு.

ஆனால் 'இறக்கும் உரிமை' என்ற பெரிய கொடியைப் பிடித்ததால் சங்கம் தற்கொலைச் சட்டத்தோடு சிக்கிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கும் 309ஆம் பிரிவு செல்லாது என்றபோது கதவு திறந்ததுபோல் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1996 மார்ச்சில், கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மூடினார்கள்: வாழும் உரிமைக்குள் இறக்கும் உரிமை அடங்காது. ஆனாலும் அதே தீர்ப்பில், ஏற்கெனவே தொடங்கிவிட்ட இயற்கையான மரணம் கண்ணியமாக நடப்பது வாழ்வின் பகுதிதான் என்ற கருத்தும் ஓரிடத்தில் இருந்தது. மசானி 1998 மே மாதம் காலமானார். அந்தச் சிறு இடைவெளி பின்னாளில் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதைப் பார்க்க அவர் இல்லை.

அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துக் கைவைத்தவர் வேறொரு கிழவர். எச்.டி. ஷோரி பஞ்சாப் நிர்வாக சேவையில் இருந்து, பிரிவினையின் இரத்தக்களரியை லாகூரில் நேரில் கண்டவர். ஓய்வு பெற்ற பிறகு, 1980இல் டெல்லியில் 'கொமன் கோஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் பெரிய போராட்டம் மரணத்தைப் பற்றியதே அல்ல, பென்சன் பற்றியது. ஒரு குறிப்பிட்ட திகதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைந்த ஓய்வூதியம், பின் ஓய்வு பெற்றவர்களுக்குக் கூடிய ஓய்வூதியம் என்று அரசு பிரித்ததை எதிர்த்து, டி.எஸ். நகாரா வழக்கில் கொமன் கோஸும் ஒரு மனுதாரராக நின்றது. 1982 டிசம்பர் 17ஆம் திகதி வெற்றி கிடைத்தது. இந்தியாவில் அந்த நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு இரத்த வங்கிகள். காசுக்கு இரத்தம் விற்கும் முறைக்கு முடிவுகட்ட வழிவகுத்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கொமன் கோஸ் போட்ட வழக்கில் வந்ததுதான்.

ஷோரியின் பாணி மசானியினுடையதிலிருந்து முற்றிலும் வேறு. மேடையும் கொள்கைப் பிரகடனமும் அவருக்குத் தேவைப்படவில்லை. முதலில் அமைச்சுகளுக்குக் கடிதம். பதில் வராவிட்டால் நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் மனு. வாழ்க்கையெல்லாம் கோப்புகளோடு பழகிய அதிகாரிக்கு அரசின் எந்தக் கதவை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 2002இல் தொடங்கி மத்திய அமைச்சுகளுக்கு எழுதிவிட்டு, 2005இல் உச்ச நீதிமன்றத்தில் 215ஆம் இலக்க ரிட் மனுவைக் கொமன் கோஸ் தாக்கல் செய்தது. மீள வழியில்லாத நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க ஒருவருக்கு உரிமை வேண்டும், அதை நிறைவேற்ற ஒருவரை நியமிக்கவும் வழி வேண்டும். கேட்டது இவ்வளவுதான். விஷ ஊசி பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேள்வியை இப்படிச் சுருக்கியதுதான் ஷோரியின் மேதைமை. தொண்ணூறைத் தாண்டியிருந்த அவர் அதே ஆண்டில் காலமானார்.

மனு பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்தது. அமைப்பின் தலைமை கைமாறியது, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கமல் காந்த் ஜஸ்வாலும் பின்னர் பத்திரிகையாளர் விபுல் முத்கலும் இயக்குநர்களாக இருந்தார்கள். பிரசாந்த் பூஷண் வாதாடினார். தொடங்கியவர் இறந்த பிறகும் ஒரு வழக்கைக் கைவிடாமல் பதின்மூன்று ஆண்டு கொண்டுபோவது பேச்சாற்றலைவிட அரிதான திறமை. நம் ஊர்களில் எத்தனை சங்கங்கள் தலைவரின் அந்தியேட்டியோடு கீரிமலையில் கரைந்துபோயிருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இடையில் அருணா ஷான்பாக் வழக்கு வந்தது. பம்பாய் கே.இ.எம். வைத்தியசாலையில் தாதியாக இருந்த அருணா, 1973 நவம்பரில் அங்கேயே வேலைபார்த்த ஒருவனின் கொடூரத் தாக்குதலில் மூளை சிதைந்து, 4ஆம் வார்டை ஒட்டிய சிறு அறையில் கிடந்தார். அவர் சார்பில் பத்திரிகையாளர் பிங்கி விரானி 2009இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் ஜே.வி. திவாட்டியா, ரூப் குர்சஹானி, நிலேஷ் ஷா என்ற மூன்று வைத்தியர்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அவர்கள் கண்டது ஒரு சடலத்தை அல்ல. மசித்த உணவை ஊட்டினால் அருணா விழுங்கினார். அவருக்கு மீன் பிடிக்கும் என்று தாதியர் சொன்னார்கள். அத்தனை ஆண்டுகளில் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. ஒவ்வொரு தலைமுறைத் தாதியும் அடுத்த தலைமுறையிடம் அவரை ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

2011 மார்ச் 7ஆம் திகதி நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு தீர்ப்புச் சொன்னது. மீளாத நிலையில் இருப்பவரின் உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு விலக்கலாம். ஆனால் அருணாவுக்காகப் பேசும் உரிமை பிங்கி விரானிக்கு இல்லை, அவரைப் பராமரித்த கே.இ.எம். ஊழியர்களுக்கே உண்டு. அவர்களோ அருணா வாழ வேண்டும் என்றார்கள். தீர்ப்பைக் கேட்டுத் தாதியர் இனிப்பு வழங்கினார்கள். அருணா 2015 மே 18ஆம் திகதி நிமோனியாவில் காலமானார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பிங்கி விரானியின் பக்கமோ தாதியரின் பக்கமோ நின்றுவிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் அன்பு இருந்தது, அதை மறுக்க முடியாது. அருணாவின் சொந்த விருப்பம் மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் யார் அவருக்காகப் பேசுவது என்று நாடே நீதிமன்ற வாசலில் நின்று வாதாட வேண்டி வந்தது. ஷோரியின் மனு கேட்ட அந்த ஒரு தாளின் தேவையை எந்தச் சட்டத்தரணியாலும் இதைவிட நன்றாக விளக்கியிருக்க முடியாது.

2014 பெப்ரவரியில், ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவத்தின் அமர்வு, பழைய தீர்ப்புகளுக்குள் முரண்பாடு இருக்கிறது என்று கண்டு, கொமன் கோஸ் மனுவை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. லிவிங் வில் துஷ்பிரயோகம் செய்யப்படும் என்று மத்திய அரசு எதிர்த்தது. 2018 மார்ச் 9ஆம் திகதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: கண்ணியத்துடன் இறப்பது வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் வரும் உரிமை, லிவிங் வில் செல்லும். மசானி அச்சிட்ட தாளுக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு உயிர் வந்தது.

வந்த உயிர் ஐந்து ஆண்டுகள் மூச்சுத்திணறிக் கிடந்தது. தாளில் நீதவான் ஒருவர் ஒப்பமிட வேண்டும். வைத்தியசாலை ஒரு குழு அமைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் இன்னொரு குழு அமைக்க வேண்டும். கடைசியில் நீதவானே கட்டிலடிக்கு வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். குழுவில் இருப்பவர்களுக்கு இருபது ஆண்டு அனுபவம் வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் நோயாளி போய்விடுவார். இங்கேதான் இயக்கத்தின் தலைமை மூன்றாவது கைக்கு மாறியது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களிடம். அவர்களுடைய சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், இந்த நடைமுறை கட்டிலருகே வேலைக்கு ஆகாது என்றது. 2023 ஜனவரி 24ஆம் திகதி நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளை இலகுவாக்கியது. நொத்தாரிசு அல்லது அரச உயரதிகாரி முன் ஒப்பமிட்டால் போதும். அனுபவம் ஐந்து ஆண்டு. குழு இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த வைத்தியர்களின் முன்வரிசையில் ஆர்.கே. மணி இருந்தார். அருணாவின் அறைக்குப் போய்வந்த திவாட்டியாவும் குர்சஹானியும் இருந்தார்கள்.

2024இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக், கோவாவில் முதல் ஆளாகத் தன் லிவிங் வில்லைப் பதிவுசெய்தார். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு தன் வைத்தியசாலைகளுக்கு இதற்கான சுற்றறிக்கை அனுப்பியது.

எதிர்த்தவர்களின் அச்சத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்நாட்டின் விருதுநகர்ப் பக்கத்தில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தல் 2010இல் பத்திரிகைகளில் வெளிவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பிரியா கிருஷ்ணசாமி அதை வைத்து எடுத்த 'பாரம்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அங்கே செலவும் இடமும் சொத்தும் முடிவெடுக்கின்றன, குளிப்பாட்டப்படுபவர் எடுப்பதில்லை. ஏழை முதியவரின் வாயில் 'எனக்குப் போதும்' என்ற சொல்லைக் குடும்பமே வைத்துவிடலாம் என்ற பயம் நியாயமானது. அதற்கு விடை அந்தச் சொல்லை அவர் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே, சாட்சிகள் முன், தானாக எழுதவிடுவதுதான். கூடவே, வலியால்தான் அவர் அப்படிச் சொல்கிறாரா என்று பார்த்து அந்த வலியை முதலில் போக்க வேண்டும்.

கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால் இந்த இரண்டாவது வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சுரேஷ்குமாரும் அவரும் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், மலப்புறத்தில் அயல்வீட்டுத் தொண்டர்களைக் கொண்ட வலையமைப்பாக விரிந்தது. முச்சக்கரவண்டிக்காரரும் பள்ளிக்கூட ஆசிரியையும் வாரம் ஒருமுறை நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். 1985இன் போதைப்பொருள் சட்டத்தால் புற்றுநோயாளிக்கு மோர்பின் எட்டாக்கனியானபோது, அதைத் திருத்தச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2014இல் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே, 2008இல், கேரளம் வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்திருந்தது. லண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் கருணைக்கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். ராஜகோபாலின் தலைமுறை, மரணத்தை வரவழைப்பதை விலக்கி, பயனற்ற சிகிச்சையை மறுப்பதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இரண்டு நீரோட்டங்களும் அப்படித்தான் ஒன்றாகின.

இலங்கையில் இந்தக் கதையின் முதல் இரண்டு அத்தியாயங்களும் எழுதப்படவேயில்லை. 1998இல் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவைவிட நாம் முந்திக்கொண்ட ஒரே இடம் அது. தற்கொலைக்கு உடந்தையாவது இன்றும் கடுங்குற்றம். லிவிங் வில்லுக்குச் சட்டம் இல்லை. மசானியைப் போல் ஓர் அரசியல்வாதியோ ஷோரியைப் போல் ஓர் அதிகாரியோ இதற்காக முன்வந்து நிற்கவில்லை. அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் மூன்று தசாப்தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து மழைக்குள் நடந்தபோது, சைக்கிளின் பின் இருக்கையில் கட்டிக் கொண்டுசெல்லப்பட்ட முதியவர்களுக்கும் வீட்டிலேயே விட்டுவரப்பட்ட முதியவர்களுக்கும் எங்கே எப்படிச் சாவது என்ற தெரிவு இருக்கவில்லை. அந்தத் தலைமுறையிடம் கண்ணியமான மரணத்தைப் பற்றிப் பேச அமைதி முதலில் வர வேண்டியிருந்தது.

மூன்றாவது அத்தியாயத்துக்கான இடம் மட்டும் அளவெட்டிக்குப் பக்கத்திலேயே எழுந்திருக்கிறது. 2011இல் நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் முன்னின்று, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள். வழியெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் ட்ரெயில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் வடக்கின் புற்றுநோயாளிகள் பலருக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையைத் தவிரப் போக்கிடம் இருக்கவில்லை. சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையான வலிதணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டச் சட்டகத்தையும் வெளியிட்டது. வைத்தியமும் வைத்தியரும் வந்துவிட்டார்கள். நோயாளியின் விருப்பத்தை எழுதிவைக்கும் தாளும், அந்தத் தாளை மதித்து நடக்கும் வைத்தியருக்குச் சட்டப் பாதுகாப்பும் இன்னும் வரவில்லை.

இதில் உறுத்துவது ஒன்று உண்டு. அளவெட்டியிலிருந்து போய் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியிருக்கும் மகன், ஒன்ராறியோவின் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன்னால் பேச முடியாமற்போனால் மருத்துவ முடிவை யார் எடுப்பது என்று எழுதி ஒப்பமிட்டு வைக்கலாம். சூரிச்சில் இருக்கும் மகள் எழுதிவைக்கும் விருப்ப ஆவணம் 2013 முதல் சுவிற்சர்லாந்து முழுவதிலும் வைத்தியரைக் கட்டுப்படுத்தும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் அது இல்லை. அவருடைய கடைசி வாரத்தைப் பற்றி அந்த இருவரும் தொலைபேசியில் முடிவெடுப்பார்கள்.

நகாரா வழக்கை எடுத்துச் சென்றவர்கள் ஓய்வூதியர்கள். அந்த வெற்றியின் பலத்தில்தான் ஷோரியின் அமைப்பு நிமிர்ந்து நின்றது. வலிகாமத்தில் ஓய்வூதியர்களுக்குப் பஞ்சமில்லை. ரயில்வேயிலும் தபாலிலும் கல்வித் திணைக்களத்திலும் கச்சேரியிலும் முப்பது நாற்பது ஆண்டு கோப்பு எழுதியவர்கள், சட்டவாசகம் படிக்கத் தெரிந்தவர்கள், மாதாந்தம் சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள். அப்படி ஒரு கூட்டத்துக்குத் தெல்லிப்பழையிலிருந்து ஒரு வைத்தியரையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சட்டத்தரணியையும் அழைத்து, ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் எழுதி, சுகாதார அமைச்சுக்கு முதல் கடிதத்தை அனுப்பலாம். ஷோரியும் கடிதத்தில்தான் தொடங்கினார்.